அசையும் சிற்பத்தின் வழியே பொறியியல் வடிவமைப்பு: எட்டு முதல் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குக் கற்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஓர் அட்டைப்பெட்டி, அதன் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி, பெட்டியின் மேல் ஒரு மீன்கொத்தி. கைப்பிடியைச் சுழற்றச் சுழற்ற மீன்கொத்தி மெல்ல மேலே எழ வேண்டும். உச்சிக்குப் போனதும் சட்டென்று கீழே பாய வேண்டும். கேட்பதற்கு அவ்வளவுதான். பதினான்கு வயது மாணவர் மூவர் சேர்ந்து இதைச் செய்து முடிக்க, வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வீதம் பத்து வாரங்கள் தேவைப்படும். அந்தப் பத்து வாரங்களில் அவர்கள் தேவையை வரையறுப்பது, வரைவது, மாதிரி செய்வது, சோதிப்பது, பழுதின் காரணத்தைத் தேடுவது, மாற்றிச் செய்வது என்று ஒரு பொறியாளர் தம் வேலையில் செய்யும் அனைத்தையும் சிறிய அளவில் செய்து பார்த்துவிடுகிறார்கள்.

நம் பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் ஆண்டுதோறும் தெர்மாகோல் எரிமலைகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, அவற்றில் எத்தனை பெற்றோரின் கைவண்ணம், எத்தனை கடையில் வாங்கியவை என்று கணிப்பது கடினமல்ல. அசையும் சிற்பத்தில் அந்தச் சமாளிப்பு எடுபடாது. தேர்வுத்தாளில் தவறான விடையை எழுதிவிட்டு ஆசிரியரோடு வாதிடலாம்; பாதியில் நின்றுபோன கைப்பிடியோடு வாதிட முடியாது. எங்கே நின்றது என்பதை எவரும் கண்ணால் பார்க்கலாம், விரலால் உணரலாம். ஆசிரியர் சிவப்பு மையால் சுழிக்க வேண்டிய தேவையே இல்லாமல் பொருளே தன் பிழையைச் சொல்லிவிடுவதுதான் இந்த வகைச் சிற்பத்தின் கற்பிக்கும் ஆற்றல். இந்த வழிகாட்டியில் வரும் ஒவ்வொரு படியும் அந்த ஆற்றலைக் கெடுக்காமல் பயன்படுத்துவது எப்படி என்பதைப் பற்றியது.

கலையும் பொறியியலும் இங்கே வலிந்து ஒட்டப்பட்டவை அல்ல. காற்றில் மிதக்கும் தொங்கு சிற்பங்களால் உலகறிந்த அலெக்சாண்டர் கால்டர், 1919ஆம் ஆண்டில் இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்றவர். அவருடைய அசையும் படைப்புகளுக்கு 1931இல் 'மொபைல்' என்று பெயர் சூட்டியவர் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டூஷாம்ப். தமிழிலோ பொறி என்ற சொல்லிலிருந்துதான் பொறியியலே வந்தது. சீவக சிந்தாமணியில் அரசி விசயை ஏறிப் பறந்த மயிற்பொறியை நினைத்துக்கொண்டால், பறவையையும் பொறியையும் ஒன்றாகக் கற்பனை செய்வது நமக்குப் புதிதல்ல என்பது விளங்கும்.

முன்னேற்பாடு

ஒரு பயிற்றுநருக்குப் பதினைந்து மாணவர்கள் போதும்; பதினெட்டைத் தாண்டினால் யார் என்ன செய்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தப்பிவிடும். மூவர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள். நால்வர் குழுவில் ஒருவர் எப்போதும் வேடிக்கை பார்ப்பவராகவே முடிவதை நான் மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறேன். மாணவரும் மாணவியரும் கலந்த குழுக்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: யாரும் சொல்லாமலேயே கட்டரும் குளூ கன்னும் பையன்கள் கைக்குப் போய்விடும், வண்ணம் தீட்டுவதும் குறிப்பு எழுதுவதும் பெண்கள் பக்கம் ஒதுங்கிவிடும். வெட்டுபவர், பொருத்துபவர், பதிவு செய்பவர் என்று மூன்று பொறுப்புகளை வகுத்து, ஒவ்வொரு வகுப்பிலும் அவற்றைச் சுழற்சி முறையில் கட்டாயமாக மாற்றிவிடுங்கள். இதை மாணவர்களின் விருப்பத்துக்கு விடாதீர்கள்.

பொருள்களுக்குப் பெரிய செலவில்லை. மளிகைக் கடையில் கிடைக்கும் நெளி அட்டைப் பெட்டிகள், 3 மில்லிமீட்டர் மூங்கில் குச்சிகள், ஐஸ் குச்சிகள், உறிஞ்சுகுழாய்கள், தீர்ந்துபோன பேனா ரீஃபில்கள், பழைய சைக்கிள் ஸ்போக்குகள், 18 கேஜ் ஜிஐ கம்பி (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி), ஒரே அளவுள்ள இரும்பு வாஷர்கள், ஃபெவிகால், நூல் ஆகியவை அடிப்படை. கருவிகளில் கட்டர், இரும்பு அடிக்கோல், மூக்குக் குறடு, கோணமானி, கவராயம், ஒரு சிறிய டிஜிட்டல் எடைக்கருவி ஆகியவை வேண்டும். குளூ கன்னின் முனை எளிதில் 150 பாகை செல்சியசைத் தாண்டும் என்பதால், அதற்கென்று ஒரு மேசையை ஒதுக்கி, அருகில் ஒரு வாளித் தண்ணீரும் வைத்து, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் அங்கே நிற்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். கம்பியை வெட்டும்போது துண்டு எகிறிக் கண்ணில் படக்கூடும். கண்ணாடி அணியாதவர் கம்பியைத் தொடக்கூடாது.

2016இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தின் கீழ் உங்கள் பள்ளியில் ஆய்வகம் இருந்தால், அங்கே பெரும்பாலும் முப்பரிமாண அச்சு இயந்திரமும் இருக்கும். முதல் ஆறு வாரங்களுக்கு அதைத் தொடாமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து. அட்டையில் ஒரு வட்டை வெட்ட ஐந்து நிமிடம். அது தவறாகிவிட்டால் இன்னொரு ஐந்து நிமிடம். அச்சு இயந்திரத்தில் அதே வட்டு வெளிவர ஒரு மணி நேரம் ஆகலாம், வரிசையில் ஐந்து குழுக்கள் காத்திருக்கும், தவறான வட்டையும் வீணாக்க மனமின்றிப் பயன்படுத்திவிடுவார்கள். தவறு மலிவாக இருக்கும் வரைதான் மாணவர்கள் துணிந்து தவறு செய்வார்கள்.

ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுங்கள். பேனாவால் மட்டும் எழுத வேண்டும், அழிப்பானுக்கும் தாளைக் கிழிப்பதற்கும் இடமில்லை, ஒவ்வொரு பக்கத்திலும் தேதி இருக்க வேண்டும். இந்த நோட்டுதான் பின்னர் மதிப்பீட்டுக்கு அடிப்படை என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, நீங்களே ஒரு பெட்டியைச் செய்து பாருங்கள். அது சரியாக ஓடாவிட்டால் திருத்தாமல் அப்படியே எடுத்துச் செல்லுங்கள்.

முதற்படி: சமநிலை (முதல் இரண்டு வார வகுப்புகள்)

சுழலும் உறுப்புகளுக்குப் போகும் முன் தொங்கு சிற்பத்தில் தொடங்குவது நல்லது. காரணம், இதில் கணக்கும் பொருளும் ஒரே மேசையில் சந்திக்கின்றன. பத்தாம் வகுப்பு அறிவியலில் வரும் திருப்புத்திறன்களின் தத்துவமே இதற்குப் போதும்: ஒரு பக்கத்து எடையை ஆதாரப் புள்ளியிலிருந்து அதன் தூரத்தால் பெருக்கினால், மறுபக்கத்துப் பெருக்கல் தொகைக்கு அது சமமாக இருக்க வேண்டும்.

30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஜிஐ கம்பியின் ஒரு முனையில் 10 கிராம், மறுமுனையில் 20 கிராம் எடையைத் தொங்கவிடச் சொல்லுங்கள். எந்த இடத்தில் நூல் கட்டினால் கம்பி கிடையாக நிற்கும் என்று முதலில் நோட்டில் கணக்கிட்டு எழுத வேண்டும். எல்லாரும் 10 கிராம் முனையிலிருந்து 20 சென்டிமீட்டர் என்றே எழுதுவார்கள். அங்கே கட்டினால் கம்பி 20 கிராம் பக்கம் சாயாமல், எதிர்பாராத விதமாக 10 கிராம் பக்கமே தாழும். நூலை நகர்த்தி நகர்த்திச் சமன் செய்தால் அது ஏறத்தாழ 19.6 சென்டிமீட்டரில் நிற்கும். அந்த நான்கு மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். கம்பிக்கும் எடை உண்டு என்று யாராவது ஒருவர் சொல்லும் வரை காத்திருக்க வேண்டும். 1.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள அந்தக் கம்பி ஏறத்தாழ 2.7 கிராம் எடை கொண்டது. அந்த எடை கம்பியின் நடுப்புள்ளியில், அதாவது 15 சென்டிமீட்டரில் இருப்பதாகக் கொண்டு மறுபடி கணக்கிட்டால் விடை பொருந்திவிடும். புத்தகத்தில் 'எடையற்ற கோல்' என்று எளிதாகக் கடந்துபோகும் சொல்லின் விலை என்ன என்பதை மாணவர்கள் அன்றைக்கு மறக்க முடியாதபடி தெரிந்துகொள்கிறார்கள்.

அடுத்து மூன்று அடுக்குத் தொங்கு சிற்பம். இதை மேலிருந்து தொடங்கும் குழுக்கள் ஒரு மணி நேரத்தில் நூல் சிக்கலில் மாட்டிக்கொள்ளும், ஏனெனில் கீழ் அடுக்கின் எடை தெரியாமல் மேல் அடுக்கின் ஆதாரப் புள்ளியைக் கண்டறிய முடியாது. கீழிருந்து மேலாகவே கட்ட வேண்டும் என்பதை அவர்களாகவே கண்டுபிடிக்க விடுங்கள். இன்னொரு நுட்பமும் உண்டு. தொங்கும் புள்ளி, எடைகளைத் தாங்கும் இரு முனைகளையும் இணைக்கும் கோட்டுக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் கம்பி தலைகீழாகக் கவிழும். இதற்கு விளக்கமாக ஒரு தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை மேசையில் வைத்துத் தள்ளிவிட்டால் போதும். கனத்த உருண்டையான அடிப்பாகம் ஈர்ப்பு மையத்தைக் கீழே வைத்திருப்பதால்தான் அது எத்தனை முறை தள்ளினாலும் எழுந்து நிற்கிறது.

இரண்டாம் படி: கேம் என்னும் நெம்புருள் (மூன்றாம் வகுப்பு)

சுழற்சியை ஏற்ற இறக்கமாக மாற்றும் உறுப்புகளில் மிக எளியது கேம். தமிழ்ப் பாடநூல்களில் இதை நெம்புருள் என்பார்கள். பட்டறையில் கேம் என்றால்தான் புரியும். 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டமான அட்டையை எடுத்து, மையத்தில் அல்லாமல் மையத்திலிருந்து 1 சென்டிமீட்டர் தள்ளித் துளையிட்டு அச்சில் பொருத்தினால், அதன் மேல் உட்காரும் தட்டு ஒரு சுற்றில் 2 சென்டிமீட்டர் ஏறி இறங்கும். இந்த ஒன்றை எல்லாக் குழுக்களும் ஒரே மாதிரி செய்யட்டும். வடிவமைப்பு இன்னும் தொடங்கவில்லை, இது எழுத்துப் பயிற்சி மட்டுமே.

இரண்டு செய்முறைக் குறிப்புகள். முதலாவது, நெளி அட்டையில் நெளிவு ஓடும் திசையில் வலு மிகுதி, குறுக்கே குறைவு. எனவே இரண்டு அட்டைகளை நெளிவுகள் ஒன்றுக்கொன்று குறுக்காக அமையும்படி ஒட்டி, ஓர் இரவு கனமான புத்தகத்தின் அடியில் காயவைத்து, அதன் பிறகே வட்டை வெட்ட வேண்டும். இரண்டாவது, ஒற்றை மூங்கில் குச்சியை அச்சாக்கினால் கேம் வழுக்கிக்கொண்டு சும்மா சுற்றும். பக்கத்தில் பக்கமாக இரண்டு குச்சிகளை நூலால் இறுகக் கட்டி, அந்த இரட்டைக் குச்சியின் வடிவத்துக்கே துளையிட்டால் வழுக்காது. பெட்டிச் சுவரைக் கடக்கும் இடத்தில் மட்டும் அச்சு வட்டமாக இருக்க வேண்டும் என்பதால், அங்கே ஒரு பேனாக் குழாய்த் துண்டைச் செருகிக்கொள்ளலாம்.

கேமின் மேல் அமரும் வட்டத் தட்டைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்தினால், அது ஏறி இறங்குவதோடு தன்னைத்தானே சுற்றவும் தொடங்கும் என்பதை இந்த வகுப்பிலேயே காட்டிவிடுங்கள். ஒரு குழு அதைப் பார்த்ததும் கரகாட்டக்காரியைச் செய்யப் போவதாகச் சொல்லிவிடும், சொல்லட்டும்.

மூன்றாம் படி: தேவையை எழுதுதல் (நான்காம் வகுப்பு)

இந்தப் படியைத்தான் பலரும் தாவிவிடுகிறார்கள். நான் முதன்முறை நடத்தியபோது வரைபடத்தையும் அளவுகளையும் தயாராகக் கொடுத்துவிட்டேன். எல்லாக் குழுக்களும் ஒரே பறவையை ஒரே பெட்டியில் செய்துகொண்டு வந்தார்கள். கைத்திறன் வளர்ந்தது, வடிவமைப்பு என்று எதுவும் நடக்கவில்லை. மறுபக்கத்தில், 'எதை வேண்டுமானாலும் செய்யுங்கள்' என்று விட்டுவிட்டால் ராக்கெட்டும் ரோபோவும் தாளில் பிறந்து தாளிலேயே இறந்துபோகும்.

நடுவழி இதுதான். கட்டுப்பாடுகளை நீங்கள் கொடுங்கள், அசைவை அவர்கள் தேர்ந்தெடுக்கட்டும். பெட்டி 20 சென்டிமீட்டர் நீளம், 15 அகலம், 15 உயரத்துக்குள் இருக்க வேண்டும், மின்மோட்டார் கூடாது, மேசையில் உள்ள பொருள்களைத் தவிர வேறு எதுவும் பயன்படுத்தக் கூடாது, நூறு சுற்றுகள் பழுதின்றி ஓட வேண்டும், முன்பின் தெரியாத ஒருவர் வந்து விளக்கம் கேட்காமலேயே சுழற்ற முடிய வேண்டும். இவற்றோடு, தங்கள் சிற்பம் செய்ய வேண்டிய அசைவை ஒவ்வொரு குழுவும் பெயர்ச்சொல் சார்ந்து அல்லாமல் வினைச்சொல் சார்ந்து ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். 'மீன்கொத்தி செய்யப் போகிறோம்' என்பதை ஏற்காதீர்கள். 'மீன்கொத்தி ஒரு சுற்றில் ஒருமுறை மெதுவாக இரண்டரை சென்டிமீட்டர் எழுந்து, உச்சியில் நிற்காமல் ஒரே பாய்ச்சலில் கீழே விழ வேண்டும்' என்று வரும் வரை நோட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு சோதனையும் இந்த வாக்கியத்தை வைத்துத்தான் நடக்கும்.

நான்காம் படி: அசைவை வடிவமாக வரைதல் (ஐந்தாம் வகுப்பு)

மீன்கொத்தியையே தொடர்ந்து பார்ப்போம், ஏனெனில் இந்த ஒரே அசைவுக்குள் வடிவமைப்பின் சிக்கல்கள் எல்லாம் அடங்கியிருக்கின்றன.

மெல்ல ஏறிச் சட்டென விழும் அசைவுக்கு நத்தை ஓடு போன்ற கேம் தேவை. தாளில் ஒரு புள்ளியைக் குறித்து அதைச் சுற்றி 30 பாகைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கோடுகள் வரையச் சொல்லுங்கள். முதல் கோட்டில் மையத்திலிருந்து 20 மில்லிமீட்டர், அடுத்ததில் 22, அதற்கடுத்து 24 என்று கூட்டிக்கொண்டே போனால், முழுச் சுற்று முடியும்போது 44 மில்லிமீட்டர் வரும். புள்ளிகளை வளைகோட்டால் இணைத்து, 44இலிருந்து 20க்கு நேராக வெட்டிவிட்டால் கேம் தயார். ஏற்றம் 24 மில்லிமீட்டர்.

பொறுமையற்ற ஒரு குழு ஏற்றத்தைக் காற்சுற்றுக்குள், அதாவது 90 பாகைக்குள் முடிக்க விரும்பும். தடுக்காதீர்கள், இரண்டையும் வெட்டி அடுத்தடுத்து சுழற்றிப் பார்க்கட்டும். முழுச் சுற்றில் ஏறும் கேமின் சரிவு தொடக்கத்தில் ஏறத்தாழ 11 பாகைதான். காற்சுற்றில் ஏறுவதன் சரிவு 37 பாகையைத் தொடுகிறது. கேம் வடிவமைப்பவர்கள் வழக்கமாக 30 பாகைக்குள் நிறுத்திக்கொள்வதன் காரணத்தைக் கைப்பிடியே சொல்லிவிடும்: சரிவு கூடக்கூட கேம், பறவையைத் தாங்கும் குச்சியை மேலே தள்ளுவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் தள்ளுகிறது, குச்சி சாய்ந்து, அது நேராக ஏறி இறங்குவதற்காக வைத்த வழிகாட்டிக் குழாயின் இரு விளிம்புகளிலும் கவ்விக்கொள்கிறது. பழைய மேசை இழுப்பறையை ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் அது இறுகிக்கொள்வதும் இதே காரணத்தால்தான். குழாய் குட்டையாக இருந்தால் நோய் முற்றும். ஒன்றரை சென்டிமீட்டர்க் குழாயில் இறுகிய அதே குச்சி, நான்கு சென்டிமீட்டர்க் குழாயில் வழுவழுவென்று ஓடுவதை மாணவர்கள் பார்த்தே ஆக வேண்டும்.

இப்போது உண்மையான சிக்கல். நத்தைக் கேமின் மேல், முந்தைய வகுப்பில் செய்த 5 சென்டிமீட்டர் வட்டத் தட்டையே வைத்தால் மீன்கொத்தி பாயாது. தயங்கித் தயங்கி இறங்கும். ஏனென்று மாணவர்கள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தால், கேமின் கூர்மூக்கு உச்சியைக் கடந்த பிறகும் தட்டின் அடியைத் தாங்கிக்கொண்டே போவது தெரியும். மூக்கு சுமார் 35 பாகை சாய்ந்த பிறகே தட்டின் ஓரத்தை விட்டு விலகுகிறது. அதற்குள் தட்டு 44 மில்லிமீட்டரிலிருந்து 36க்கு மெதுவாக இறங்கிவிட்டிருக்கும். மூன்றில் ஒரு பங்கு பாய்ச்சல் அங்கேயே வீணாகிவிடுகிறது. தட்டை எடுத்துவிட்டுக் குறுகிய கால் ஒன்றை வைத்தால் பாய்ச்சல் கூர்மையாகிறது. ஆனால் குறுகிய கால் உருண்டைக் குச்சியில் இருந்தால் குச்சி திரும்பிக்கொள்ளும், கால் கேமை விட்டு நழுவிவிடும். எனவே திரும்ப முடியாத தட்டையான ஐஸ் குச்சி வேண்டும். அதற்கேற்ப வழிகாட்டியும் உறிஞ்சுகுழாயாக இல்லாமல் தட்டையான அட்டைக் கூடாக மாற வேண்டும். கூடு மாறினால் உராய்வு கூடும், உராய்வு கூடினால் பறவை தன் எடையால் விழ மறுக்கும், ஆகவே குச்சியில் இரண்டு வாஷர்களைக் கட்ட வேண்டும்.

ஒரு மாற்றம் அடுத்த மாற்றத்தைக் கூப்பிடும் இந்தச் சங்கிலிதான் பொறியியல் வடிவமைப்பு. அதைக் கரும்பலகையில் விளக்கிவிட வேண்டும் என்ற ஆசை எல்லா ஆசிரியருக்கும் வரும். விளக்கினால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், ஐந்து நாளில் மறந்தும்விடும். தட்டோடு ஒருமுறை தோற்க விடுங்கள்.

ஐந்தாம் படி: முதல் மாதிரியும் அதன் பழுதுகளும் (ஆறு, ஏழாம் வகுப்புகள்)

முதல் மாதிரிக்கு வண்ணம் கூடாது, பறவைக்குச் சிறகு கூடாது. ஒரு வாஷரைக் குச்சியின் மேல் ஒட்டி அதுவே பறவை என்று வைத்துக்கொள்ளட்டும். பெட்டியின் முன்பக்கத்தை மூடாமல் திறந்தே வையுங்கள். அலங்கரித்துவிட்ட பொருளை வெட்டித் திருத்த யாருக்கும் மனம் வராது.

"சார், இது சுத்தவே மாட்டேங்குது" என்று ஒரு குழு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும். உங்கள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். வாங்கித் திருத்திக் கொடுத்த மறுநொடியே அது உங்கள் பெட்டி ஆகிவிடும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்த இடத்தில் நிற்கிறது? சுழற்றும் கை இதற்கு விடை சொல்லும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் மட்டும் இறுகினால் கேமின் வடிவத்திலோ காலிலோ குறை. சுற்று முழுவதும் ஒரே அளவு இறுக்கமாக இருந்தால், அச்சு கடக்கும் இரண்டு சுவர்த் துளைகளும் ஒரே உயரத்தில் இல்லை என்று பொருள். கைப்பிடி லேசாகச் சுற்றியும் மேலே எதுவும் அசையாவிட்டால் கேம் அச்சில் வழுக்குகிறது. ஏறிய பறவை இறங்காமல் தொங்கிக்கொண்டு நின்றால் வழிகாட்டியின் உராய்வு மிகுதி அல்லது எடை போதவில்லை. பத்துச் சுற்று நன்றாக ஓடிப் பிறகு கெட்டுப்போனால், ஏதோ ஓர் ஒட்டு விட்டுப்போயிருக்கிறது அல்லது கேமின் விளிம்பு நசுங்கியிருக்கிறது. விளிம்பில் ஒரு சுற்றுக் காகித நாடாவை ஒட்டினால் நசுங்குவது குறையும். இந்த ஐந்தையும் நீங்கள் மனப்பாடமாக வைத்திருங்கள், மாணவர்களுக்குப் பட்டியலாகக் கொடுக்க வேண்டாம். விரைவில் அவர்களே ஒரு பட்டியல் தயாரித்துச் சுவரில் ஒட்டுவார்கள். அது இதைவிட நீளமாகவும் இருக்கும்.

ஒரே ஒரு விதியைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மாற்றுவதற்கு முன், 'இதை மாற்றினால் இது நடக்கும் என்று நினைக்கிறோம்' என்று நோட்டில் எழுத வேண்டும். மாற்றிய பின், நடந்ததை அதற்குக் கீழே எழுத வேண்டும். குழாயையும் நீட்டி, கேமையும் தேய்த்து, வாஷரையும் கட்டிப் பெட்டி ஓடிவிட்டால் மாணவர்கள் குதிப்பார்கள். ஆனால் எது அதை ஓட வைத்தது என்று கேட்டால் மூவரும் மூன்று விடை சொல்வார்கள்.

தோல்வியால் முகம் வாடும் குழுக்களிடம் சுவிட்சர்லாந்துச் சிற்பி ழான் டிங்குலியின் கதையைச் சொல்லலாம். தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் மாபெரும் பொறி ஒன்றை அவர் 1960 மார்ச் 17 அன்று நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் இயக்கிக் காட்டினார். அது அவர் திட்டமிட்டபடி அழியவில்லை. தீப்பிடித்து, தீயணைப்பு வீரர் வந்து அணைக்க வேண்டியதாயிற்று. கெட்டுப்போவதற்காகவே செய்த பொறிகூடச் சொன்னபடி கெட்டுப்போகவில்லை என்றால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வருந்துவதற்கு என்ன இருக்கிறது!

ஆறாம் படி: கைமாற்றிப் பார்த்தல், மீண்டும் கட்டுதல் (எட்டு, ஒன்பதாம் வகுப்புகள்)

ஒவ்வொரு குழுவும் தன் பெட்டியை அடுத்த குழுவிடம் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வாங்கிய குழு, பெட்டியின் அசைவை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். அந்த வாக்கியத்தை, செய்தவர்கள் நான்காம் வகுப்பில் எழுதிய தேவை வாக்கியத்தின் பக்கத்தில் வைத்துப் படித்தால் இடைவெளி தெரிந்துவிடும். மீன்கொத்தி என்று செய்தவர்கள் நினைத்ததை, பார்த்தவர்கள் 'ஏதோ ஒன்று மேலே போய் விழுகிறது' என்று எழுதியிருந்தால், உருவத்தைத் தெளிவாக்கவும் வேலை இருக்கிறது. கலையாசிரியர் ஒருவர் கிடைத்தால் அழைக்க வேண்டிய நேரம் இதுதான். எவ்வளவு குறைவான கோடுகளில் ஒரு பறவையைக் காட்ட முடியும், சிறகின் எடையைக் குறைத்தும் அதைச் சிறகாகவே தோன்றச் செய்வது எப்படி என்பதெல்லாம் அவர்கள் அறிந்தவை.

இதற்குப் பிறகு பழைய பெட்டியைத் திருத்தாமல் புதிதாக ஒன்றைக் கட்டச் சொல்லுங்கள். முதற்பெட்டி ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு ஓட வைக்கப்பட்டது. இரண்டாவது, தெரிந்துகொண்ட அளவுகளிலிருந்து வரைந்து வெட்டப்படுவது. முடிவு செய்த அளவுகள் எல்லாம் வரைபடத்தில் இருக்க வேண்டும்.

முன்னதாகவே முடித்துவிடும் குழு ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும். அவர்களுக்கு ஐஸ் குச்சிகளும் ஸ்ப்ளிட் பின்களும் கொடுத்து நான்கு தண்டு இணைப்பைச் செய்யச் சொல்லலாம். நீளங்கள் 4, 9, 10, 12 சென்டிமீட்டர் என்றால் மிகச் சிறிய தண்டு முழுச் சுற்றும் சுற்றும். 6, 8, 9, 12 என்றால் பாதியில் மாட்டிக்கொள்ளும். மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் கூட்டினால் மற்ற இரண்டின் கூட்டுத்தொகையைத் தாண்டக் கூடாது என்ற கிராஷாஃப் விதியை அவர்கள் அளந்து பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். 1990 முதல் நெதர்லாந்துக் கடற்கரையில் காற்றால் நடக்கும் உருவங்களை மின்கம்பிக் குழாய்களால் செய்துவரும் தியோ யான்சனின் கால்கள் இத்தகைய தண்டு இணைப்புகளே என்று சொன்னால், அடுத்த பருவத்துக்கான திட்டம் அங்கேயே தொடங்கிவிடும்.

பற்சக்கரத்தில் ஆர்வமுள்ளவர்களுக்கு அமெரிக்கச் சிற்பி ஆர்தர் கான்சனின் ஒரு சிற்பம் கணக்காகவே பயன்படும். ஒரு மின்மோட்டார் நிற்காமல் சுற்றுகிறது. பன்னிரண்டு பற்சக்கர இணைகள் ஒவ்வொன்றும் வேகத்தை ஐம்பதில் ஒரு பங்காகக் குறைக்கின்றன. கடைசிச் சக்கரம் கான்கிரீட்டில் புதைக்கப்பட்டிருக்கிறது. மோட்டார் நிமிடத்துக்கு 200 முறை சுற்றுவதாகக் கொண்டால், அந்தக் கடைசிச் சக்கரம் ஒருமுறை சுற்ற எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று கேளுங்கள். ஐம்பதைப் பன்னிரண்டு முறை பெருக்கிப் பார்ப்பவர்களுக்கு இரண்டு லட்சம் கோடி ஆண்டுகளுக்கு மேல் என்ற விடை வரும். கான்கிரீட்டில் புதைத்த பிறகும் மோட்டார் ஏன் நிற்கவில்லை என்பதும் அப்போது புரிந்துவிடும்.

ஏழாம் படி: நூறு சுற்றும் கண்காட்சியும் (பத்தாம் வகுப்பு)

நூறு சுற்றுச் சோதனையை ஒவ்வொரு குழுவின் பெட்டிக்கும் வேறொரு குழுவே செய்ய வேண்டும். எத்தனையாவது சுற்றில் எது கெட்டது என்பதைப் பதிய வேண்டும். அறுபத்தேழாவது சுற்றில் நின்ற பெட்டிக்கு அறுபத்தேழு என்றே எழுதுங்கள். பரிதாபப்பட்டு விட்டுக்கொடுத்தால் சோதனை என்பதற்கே பொருளில்லை.

மதிப்பெண்ணில் நூற்றுக்கு நாற்பது நோட்டுக்கு, முப்பது சோதனைப் பதிவுகளுக்கு, இருபது தேவை வாக்கியம் நிறைவேறியதற்கு, பத்து தோற்றத்துக்கு என்று நான் பிரிக்கிறேன். தோற்றத்துக்கு இதைவிடக் கூட்டினால் எட்டாவது வாரத்திலிருந்தே எல்லாரும் மினுமினுப்புத் தாள் ஒட்டத் தொடங்கிவிடுவார்கள்.

கண்காட்சியைப் பள்ளி மண்டபத்தில் வைப்பதைவிட, ஊர் நூலகத்திலோ பக்கத்துத் தொடக்கப்பள்ளியிலோ வைப்பது மேல். 'தொடாதீர்கள்' என்ற அறிவிப்பு எங்கேயும் இருக்கக் கூடாது. இரண்டாம் வகுப்புக் குழந்தைகளைப் போன்ற சோதனையாளர்கள் எந்தத் தொழிற்சாலையிலும் கிடையாது. அவர்கள் படுவேகமாகச் சுற்றுவார்கள், கைப்பிடியில் தொங்குவார்கள், முக்கியமாகப் பின்பக்கமாகச் சுற்றுவார்கள். நத்தைக் கேம் ஒரே திசையில் மட்டுமே சுற்றும். எதிர்த்திசையில் சுற்றினால் கால் அந்தச் செங்குத்து வெட்டில் மோதி நிற்கும், இன்னும் அழுத்தினால் முறியும். பத்து வாரத்தில் எந்தக் குழுவும் இதை யோசித்திருக்காது, ஏனென்றால் தங்கள் பெட்டி எந்தப் பக்கம் சுற்றும் என்பது அவர்களுக்குத் தெரியும். முன்பின் தெரியாத ஒருவர் விளக்கமின்றிச் சுழற்ற வேண்டும் என்ற கட்டுப்பாட்டின் முழுப் பொருள் அப்போதுதான் உறைக்கும். சிலர் பெட்டியில் அம்புக்குறி வரைவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத குழந்தை அதை மதிக்காது. சிலர் அச்சில் பற்கள் வெட்டி, அதன் மேல் ஓர் ஐஸ் குச்சித் துண்டைச் சாய்த்து வைத்துப் பின்னோக்கிச் சுழலாமல் தடுப்பார்கள். கிணற்று ராட்டினத்தில் வாளி கீழே ஓடிவிடாமல் தடுக்கும் பற்கட்டையை அவர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அதையே மறுபடி கண்டுபிடித்துவிடுவார்கள்.

கண்காட்சி முடிந்த அன்று மாலையே பெட்டிகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிடாதீர்கள். அடுத்த வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒவ்வொரு பெட்டியையும் அதைச் செய்த குழுவே பிரித்துப் பார்க்க வேண்டும். கேமின் விளிம்பு எங்கே நசுங்கியிருக்கிறது, வழிகாட்டிக் கூட்டின் எந்தச் சுவர் தேய்ந்து பளபளக்கிறது, சுவர்த் துளை எந்தப் பக்கமாக நீண்டிருக்கிறது என்பதை வரைந்து, அளவு குறித்து, தேதியிட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிய பிறகே நோட்டுகளைத் திருத்த வாங்கிக்கொள்ளுங்கள்.